நிற்கிற புள்ளிகள்

திரையில் ஓடுகிற புள்ளிகளை அவர் கண்டுகொள்வதே இல்லை. நிற்கிற புள்ளியை மட்டும் பென்சிலின் பின்முனையால் தட்டி, "நீ ஏம்ப்பா நிக்கிற?" என்று கேட்கிறார்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி. அதிலுள்ள கருவி, இருக்குமிடத்தைப் பத்து நொடிக்கொரு தடவை போக்குவரத்துத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பும். அதை வைத்துத்தான் எந்தத் தெருவை எப்படி மாற்றலாம் என்று கணினி சொல்லும். அதற்கு முன் தப்பான புள்ளிகளைக் களைவது இவர் வேலை. புள்ளியக்கா என்றால்தான் அங்கே தெரியும். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "எல்லாரும் ஓட்டிட்டா யாரு பாக்குறது?" என்பார். வீட்டில் குளியலறை வாசலில் கடிகாரத்தைப் பார்த்தபடி இவர் நிற்க, "அம்மா, இது ரோடு இல்ல" என்று உள்ளிருந்து மகள் பல்லைக் கடிப்பாள்.

சென்ற வருடம் ஒரு குறுக்குத் தெருவை, வண்டிகள் எங்கும் நிற்காத விரைவுப் பாதையாக்கலாம் என்றது கணினி. அங்கே தினமும் காலையில் சில ஆட்டோக்கள் வெறும் சுவரோரம் ஐந்து நிமிடம் நின்றன. கருவிக் கோளாறு, அழித்துவிடுங்கள் என்றார் தலைமைப் பொறியாளர்.

"கோளாறு கரெக்டா ஒன்பது மணிக்கு வருமா சார்?"

மறுநாள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். சுவரில் ஒரு சின்னக் கதவு. உள்ளே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையம். ஒரு அம்மாள் ஆட்டோவிலிருந்து ஒரு காலை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு மறுகாலை எடுத்து வைத்தார். ஐந்து நிமிடம்.

"நாலு ஆட்டோவுக்காக கம்ப்யூட்டர் மாடலையே மாத்தணுமாம்மா?" பொறியாளருக்குக் குரல் ஏறிவிட்டது.

"மாத்த வேணாம் சார். இவங்களையும் சேத்துட்டு அதையே மறுபடி கேளுங்க."

கேட்டார்கள். விரைவுப் பாதை திட்டத்திலிருந்து போய், சுவரோரம் ஆட்டோ நிற்க இடம் வந்தது. பொறியாளர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம், அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நானும் அவரும் அந்தத் தெரு வழியாகப் பஸ்ஸில் போனோம். ஓர் ஆட்டோ சுவரோரம் ஒதுங்கப் பார்த்து வழியை அடைத்தது. பஸ் நின்றது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த பயணி ஒருவர், "எந்தப் புண்ணியவான் போட்ட பிளானோ!" என்று அலுத்துக்கொண்டார்.

அவரை நிமிர்ந்து பார்த்த புள்ளியக்கா, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க? இங்க வந்து உக்காருங்க" என்று தன் ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தார்.