மாலையோடு கட்டிய சிவப்புக் கயிறு

கிள்ளானில் நாங்கள் போகும் சிகிச்சை அறையில் ஒரு நடை இயந்திரம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஆளை நடக்க வைக்கும் இயந்திரம். கீழே கறுப்பு ரப்பர் பட்டை ஓடும், மேலே நிற்கிறவர் அதற்கு ஈடு கொடுத்து நடக்க வேண்டும். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. ஒரு முனை இயந்திரத்தில் செருகியிருக்கும். மறு முனையில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று. அதை நடக்கிறவர் சட்டையில் மாட்டிவிடுவார்கள். அவர் தடுமாறி விழுந்தால் கயிறு இழுபட்டு, செருகியது கழன்று, பட்டை நின்றுவிடும். என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் சோர்ந்துபோய், பேச்சும் நின்றுவிட்டது. முதல் நாள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அந்தக் கயிற்றைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நிறத்தில், அதே வேலைக்கென்று செய்த ஒரு கயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த காலம் ஒன்று உண்டு. எண்பதுகள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். நானும் மாப்பிள்ளையும் ஒரே தவுக்கேயிடம் வேலை, முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம். சீனர், நல்ல மனிதர், மலாய்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழில் இரண்டு வார்த்தை வரும். அது இரண்டும் எழுதக்கூடிய வார்த்தை இல்லை. அப்போது ரவாங் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட குட்டைகள் நிறைய. குட்டை என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஏரி மாதிரி அகலம், அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் ஆகாயத்தாமரை மூடிவிட்டது. மருந்தடித்து அதைச் சாகடிக்கும் குத்தகையைத் தவுக்கே எடுத்தார். சாதாரணப் படகின் இயந்திரத்துக்குத் தண்ணீருக்குள் விசிறி, அது வேரில் சிக்கி நின்றுவிடும். அதனால் எங்கிருந்தோ ஒரு காற்றாடிப் படகு வாங்கி வந்தார். தட்டையான அடிப்பாகம், பின்பக்கம் கம்பிக்கூண்டுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விசிறி. அது காற்றைப் பின்னால் தள்ள, படகு செடிமேல் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். நாங்கள் கிப்பாஸ் போட் என்போம், மலாயில் விசிறிக்கு அதுதான் பெயர். அதற்குப் பிரேக் கிடையாது. பின்னால் வரவும் தெரியாது.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கோலாலம்பூரில் வெள்ளம் வந்தபோது ஒரு பகல் முழுக்க அடுத்த வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தவன் நான். எங்கள் சமையலறைக் கதவு தனியாக மிதந்து போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் என் மூச்சு அடைத்துவிடும். நீச்சலும் தெரியாது. அந்த வேலைக்கு நான் போனது தங்கைக்காக. அவள் அப்போது மாசமாக இருந்தாள்.

"அண்ணே, அவருக்கு வேகம்னா பைத்தியம். முன்னால நீ உக்காந்திருந்தா கொஞ்சம் அடங்குவாரு லா. நீ இருக்கேன்னா நான் நிம்மதியா ஒரு வாய் சாப்புடுவேன்" என்றாள்.

தினமும் லோரியில் ரவாங் போகும்போது, அவள் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம் மடியில் சூடாக இருக்கும், என் கை மட்டும் சில்லென்று இருக்கும்.

படகின் முன்பக்கத்தில் மருந்து டாங்கி. அதை ஒட்டி நான் உட்கார்ந்து குழாயைப் பிடித்து மருந்தடிக்க வேண்டும். எனக்குப் பின்னால், உயரமான நாற்காலியில் மாப்பிள்ளை. இடக்கையில் திருப்புகிற தடி, வலக்கால் பெடலில். இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் நாங்களே ஒரு முறை வைத்திருந்தோம். அவர் சும்மா இருக்கும் இடக்காலை நீட்டி, என் வலத் தோளில் தட்டினால் வலப்பக்கம் அடிக்க வேண்டும், இடத் தோளில் தட்டினால் இடப்பக்கம். நாள் முழுக்க அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன். பூட்ஸ் முனை தோளில் படும், அதுதான் அவர். தட்டல் கொஞ்ச நேரம் வராவிட்டால் எனக்குக் கழுத்து வலிக்கும், திரும்பிப் பார்க்கத் தோன்றும். ஒரு கையால் எப்போதும் டாங்கியின் இரும்புக் கம்பியை வளைத்துப் பிடித்திருப்பேன். கரையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "டாங்கிக்குத் தாலி கட்டிட்டியா?" என்று லோரி டிரைவர் கேட்பார்.

படகோடு ஒரு சுருள் கயிறும் வந்திருந்தது. பழைய டெலிபோன் கயிறு போலச் சுருண்டு, சிவப்பாக, பிளாஸ்டிக்கில். தவுக்கே முதல் நாளே மாப்பிள்ளையின் மணிக்கட்டில் அதை மாட்டி, தள்ளிவிடுவதுபோல் பிடித்து இழுத்துக் காட்டினார். சுவிட்சிலிருந்து முனை கழன்றதும் இயந்திரம் பட்டென்று அடங்கியது. ஆள் விழுந்தால் படகு ஓடக் கூடாது, ஓடினால் அது சுற்றி வந்து விழுந்தவன் மேலேயே ஏறும் என்று மலாயில் விளக்கினார். ஏறுவதை இரண்டு உள்ளங்கையால் நடித்தும் காட்டினார். அந்தக் கைகளை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளையும் ஒழுங்காகத்தான் மாட்டிக்கொண்டார், ஆயுத பூஜை வரும்வரை.

பூஜையன்று லோரிகளோடு படகையும் கழுவிக் கரையில் வைத்தோம். சந்தனம், குங்குமம், சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. லோரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் சிக்கல் வந்தது.

"டயரே இல்லாத வண்டிக்குப் பழத்த எங்கய்யா வைக்கிறது?" என்றார் லோரி டிரைவர்.

"உன் முதுகுக்கு அடியில வை. நாள் பூரா படுத்து உருள்றவன் நீதானே" என்றார் மாப்பிள்ளை.

கடைசியில் பழங்களைச் சேற்றில் வைத்துப் படகை அதன்மேல் தள்ளினோம். ஒன்று நசுங்கியது. மற்றொன்று நசுங்காமல் உருண்டு தண்ணீருக்குள் போய் மிதந்தது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாலை. திருப்புகிற தடியில் சாமந்தி மாலையைக் கட்டப்போனால், மாலையின் நார் அறுந்துவிட்டது. பூ தரையில் விழுவதற்குள் ஏந்திக்கொண்ட மாப்பிள்ளை, கைக்கு அருகில் தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்து, மாலையைத் தடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஒரு முனை சுவிட்சிலேயே இருந்தது. கையில் மாட்டுகிற முனை மாலைக்குள் முடிச்சாகப் போய்விட்டது. முடிச்சின்மேல் குங்குமம் வைத்தார். அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பூஜையன்று வண்டியில் கட்டியதை யாரும் கையால் அவிழ்க்கக் கூடாது. அதுவாகக் காய்ந்து அதுவாக விழ வேண்டும். மறுநாள் வேலைக்கு ஏறும்போது அந்தக் கயிறு மாப்பிள்ளையின் கையில் இல்லை.

"மாப்பிள்ள, மாலைக்கு நான் வேற நூல் கட்டுறேன். அந்தக் கயித்த மட்டும் உருவி மாட்டிக்குங்க" என்றேன்.

"சாமிக்குக் கட்டுனதுல கை வைக்காதீங்க மச்சான். தானா விழட்டும்."

"பூ விழும். அது பிளாஸ்டிக்கு. அது எப்ப காஞ்சி எப்ப விழ?"

"உங்களுக்குத்தான் டாங்கிச் சாமி இருக்கே, கெட்டியாப் புடிச்சிக்குங்க" என்று சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அன்று மாலை தங்கையிடம் சொன்னேன். அவளாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, பூஜையில கட்டுனத அவுக்காதண்ணே, இந்த நேரத்துல" என்றாள். எனக்கும் அவிழ்க்கக் கை வரவில்லை. அவிழ்த்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம், அவிழ்க்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். பூக்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து உதிர்ந்தன. விசிறி அவற்றை இழுத்துத் தூளாக்கிப் பின்னால் துப்பியது. கயிறு மட்டும் புதுசு போலவே இருந்தது.

அது நடந்ததற்கு முந்தின நாள் நல்ல மழை. குட்டையில் தண்ணீர் ஏறி, பட்டமரக் கட்டைகள் மூழ்கிவிட்டன. காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது, செடிகளில் ஊதாப் பூ. அடர்ந்த இடத்தைத் தாண்ட மாப்பிள்ளை பெடலை முழுசாக அழுத்தினார். அந்தப் பெடலின் ஸ்பிரிங் முன்பே உடைந்து, டியூப் ரப்பரை வெட்டிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். படகு எதன்மேலோ ஏறிக் குதித்தது. என் தாடை டாங்கியில் மோதி வாயெல்லாம் ரத்தம். படகு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் குழாயைப் பிடித்தபடி தட்டலுக்காகக் காத்திருந்தேன். வலத் தோளில் வரவில்லை. இடத் தோளிலும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

நாற்காலியில் ஆள் இல்லை.

இயந்திரம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. ரப்பர் அறுந்து பெடல் கீழேயே படுத்துவிட்டது. தடி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்க, படகு வட்டம் போடத் தொடங்கியது. தூரத்தில், செடிகளுக்கு நடுவில், மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. ரப்பர் பூட்ஸில் தண்ணீர் ஏறி, வேர் காலைச் சுற்றி, அவரால் நகர முடியவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி ஆட்டினார். படகு வளைந்து அவரைப் பார்த்துத் திரும்பியது. தவுக்கேயின் இரண்டு உள்ளங்கைகளும் என் கண்முன் வந்தன. முதல் சுற்றில் அவருக்குக் கொஞ்சம் தள்ளிப் போனது. அடுத்த சுற்று இன்னும் உள்ளே வரும் என்று தெரிந்தது.

டாங்கியை விட வேண்டும். என் கைக்கு அது புரியவே இல்லை. விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. எப்படி விட்டேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. நாலு காலில் தவழ்ந்தேன். படகு சாய்ந்ததும் ஓரத்தில் தண்ணீர் கறுப்பாக என்னைப் பார்த்து ஏறி இறங்கியது. விசிறிக் காற்றில் சட்டை பின்னால் இழுத்தது. நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தபோது அந்தக் கயிறு முகத்துக்கு நேரே இருந்தது, தடிக்கும் சுவிட்சுக்கும் நடுவில், குங்குமத்தோடு. பிடித்து இழுத்தேன். சுருள் நீண்டது. நீண்டுகொண்டே வந்தது, கழலவில்லை. எதிரே மாப்பிள்ளையின் முகம், திறந்த வாய், சத்தம் கேட்காது. "தாயே, நான் அவுக்கல, நான் அவுக்கல" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் பிடித்து, உடம்போடு பின்னால் சாய்ந்தேன்.

இயந்திரம் அடங்கியது. ஆனால் படகுக்குப் பிரேக் இல்லையே. அது செடிமேல் மெல்ல வழுக்கிக்கொண்டே போனது, அவர் தலை இருந்த இடத்துக்கே. எனக்கு அடியில், பலகையில், ஒரு முறை 'தொப்' என்று கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. இத்தனை நாள் காது கிழிந்த இடத்தில் ஒரு தவளை கத்தியது. நான் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தங்கைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு, அறுந்த மாலை நாரைப் பிடித்தபடி குந்தியிருந்தேன்.

பின்பக்கத்தில் ஒரு கை கம்பிக்கூண்டைப் பற்றியது. சற்று முன்வரை விசிறி சுற்றிய கூண்டு. அப்புறம் செடி முளைத்த தலை.

"மச்சான்..." இருமினார். "மாலைய அறுத்துட்டீங்களா?"

"வாய மூடிக்கிட்டு மேல வாடா" என்றேன். மாப்பிள்ளையை நான் 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

தோள் எலும்பு முறிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. தவுக்கே வந்து பார்த்துவிட்டு, அந்த இரண்டு தமிழ் வார்த்தைகளையும் சொல்லி அழுதார். தோள் கூடியதும் மாப்பிள்ளை அதே படகில் ஏறினார், நானும் முன்னால் உட்கார்ந்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மாலையைப் புது நாரில் கட்டினோம். பொட்டு வைக்கும்போது அவர் சிவப்புக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, "முதல்ல இதுக்கு வைங்க மச்சான்" என்று கையை நீட்டினார். கையிலும் கயிற்றிலும் சேர்த்துச் சந்தனம் தடவினேன். பிறகு அந்தக் குட்டைகளை மூடி வீடுகள் கட்டினார்கள், படகு போயிற்று, நாங்கள் கிள்ளானுக்கு வந்தோம். அன்று தங்கையின் வயிற்றில் இருந்த பெண்தான் இப்போது காரோட்டி எங்களைச் சிகிச்சை அறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.

போன வாரம் அங்கே நல்ல கூட்டம். பயிற்சி கொடுக்கும் பெண் பிள்ளை மாப்பிள்ளையை நடை இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "அங்கிள் ஷூ போட்டு ரெடியா இருங்க, வந்து ஸ்டார்ட் பண்றேன்" என்று அடுத்தவரைப் பார்க்கப் போனாள். நான் தரையில் குந்தி அவர் வலக்காலுக்கு ஷூ மாட்டி நாடாவை முடிந்துகொண்டிருந்தேன். தோளில் ஏதோ பட்டது. வலத் தோள். பட்டு, எடுத்து, மறுபடியும் பட்டது. நிமிர்ந்தால் மாப்பிள்ளையின் இடக்கால். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் வலப்பக்கம் திரும்பினேன்.

முன்னால் நடந்தவர் யாரோ அந்தச் சிவப்புக் கயிற்றை இடைஞ்சல் என்று கைப்பிடியில் நாலைந்து சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டுப் போயிருந்தார்.

எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தேன். கயிற்றை நீட்டிக் கொண்டுவந்து அவர் சட்டையில் கிளிப்பைக் கடிக்கவிட்டு, இழுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை நல்ல கையால் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு நான் மறுபடி கீழே குந்தியதும், என் இடத் தோளில் காலால் தட்டினார். இடக்கால் ஷூ இன்னும் பாக்கி.