அசலா, அச்சா?

மகள் கைபேசியில் ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே முகத்தோடு நாலைந்து பேர் வருகிறார்கள். யார் அசல், யார் ஆய்வுக்கூடத்தில் செய்த நகல் என்று கூட வேலை பார்ப்பவனுக்கே தெரியவில்லை. எட்டிப் பார்த்த எனக்கு, நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆட்டுக்கறி ஆணத்தின் வாசனை அடித்தது.

திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானும் தமிழரசி என்ற இன்னொரு டீச்சரும் பாத்திமா அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். அவர் கொண்டுவந்த பெரிய டிவி கீழே கூடத்தில். ஞாயிறு மதியம் அடுப்பில் ஆணம் (அக்கா வீட்டில் குழம்புக்கு அதுதான் பேர்) கொதிக்க, மூவரும் பாயில் உட்கார்ந்து ஒரு டப்பிங் தொடர் பார்ப்போம். துப்பறியும் அதிகாரிகள் இரண்டு பேர்; ஒருவரையொருவர் நம்பாமலே சேர்ந்து வேலை செய்வார்கள். ஆளைப் போலவே ஆள் செய்யும் ரகசியக் கூட்டத்தைத் தேடுவார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சுத்தத் தமிழில் "உண்மையைச் சொல், நீ யார்?" என்று கேட்டபடி இருப்பார்கள், உதடு வேறெதையோ சொல்லும். நான் அறிவியல் டீச்சர் அல்லவா, குளோனிங்கை விரிவாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சு ஆளுன்னு சொல்லுங்க டீச்சர்" என்று முடித்துவிட்டார். அதன்பின் வாரம்தோறும் ஒரே கேள்விதான்: இவன் அசலா, அச்சா?

அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் கடைத்தெருவில் யாரோ ஒரு பெண் "ராணி, ஏ ராணி" என்று கூப்பிட, தமிழரசி சட்டென்று திரும்பினாள். உடனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"யாரு அது?"

"தெரியல. வேற யாரையோ கூப்புடுறாங்க."

யோசித்தால், ஊர் எது என்று கேட்டால் ஒரு தடவை குத்தாலம் என்பாள், இன்னொரு தடவை திருவிடைமருதூர்ப் பக்கம் என்பாள். பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. தொடரில் வரும் அதிகாரி மாதிரி நானும் அவளை ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு, தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். "ராணின்னு ஒரு டீச்சர் இங்க இருக்காளாம். என் சம்சாரம்."

தமிழரசி பாயிலிருந்து எழுந்து அடுக்களைக்குள் போனாள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். கல்யாண மாலையோடு தமிழரசி.

"பாத்திருக்கீங்களா?"

"இல்லையே" என்றேன். எதுவும் தெரியாமலே, அந்தச் சொல் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அவன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். அக்கா நிலைவாசலில் குறுக்கே கை வைத்தார். "ஆம்பள இல்லாத வீடு, தம்பி. வேற எங்கயாச்சும் போயி விசாரிங்க." குரலை உயர்த்தவில்லை. அவன் புகைப்படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே தமிழரசி அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். "வீட்ல கூப்புடுற பேருதான் ராணி. ரொம்ப அடிப்பாரு டீச்சர். சர்டிபிகேட்ட மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"மொதல்ல சோறு தின்னுங்க புள்ளைவளா" என்று அக்கா தட்டை எடுத்து வைத்தார். பிறகு தன் சொந்தக்கார வக்கீல் ஒருவரிடம் அவரே அழைத்துப்போனார். வழக்கு நடந்து விவாகரத்தும் கிடைத்தது. தமிழரசி இன்று ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை.

அந்தத் தொடரை டிவிக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். போன மாதம் போனில் பேசும்போது தமிழரசி சொன்னாள்: "இப்பன்னா பள்ளிக்கூட வாட்ஸப் படத்த வச்சே அவரு என்னை ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருப்பாரு. அப்பல்லாம் நாலு ஊரு தள்ளி வந்துட்டா கொஞ்ச நாளாவது ஒளிஞ்சுக்க முடிஞ்சிச்சு."

அக்கா இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். இடித்துக் கடைகளாகக் கட்டியிருக்கிறார்கள். சென்ற முறை அந்தத் தெருவில் போனபோது வாசல் எந்த இடத்தில் இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.