அப்பாவுக்குக் கை தவறிய நாள்

எங்கள் அப்பாவுக்குப் படம் எடுப்பதில் கை தவறாது என்பது எங்கள் ஊரான காஜா பெராங்கில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி. கல்யாண வீட்டில் தாலி முடிச்சு விழுகிற நேரத்தையும், பந்து கோல்காரர் கையைத் தாண்டுகிற நேரத்தையும் அவர் சரியாகப் பிடித்துவிடுவார். முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார். அதில் எனக்கு அப்பாவைவிடப் பெருமை அதிகம்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடலோரத் திடலில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். அதில் கையால் அடித்த கத்திகளுக்கென்றே தனியாக ஒரு கொட்டகை இருந்தது. அங்கிருந்த கத்திகளையெல்லாம் படம் எடுக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு அது நிறைமாசம். வீட்டில் இருந்தால் அவளைப் படுத்தி எடுப்பேன் என்று அப்பா என்னைச் சைக்கிளின் முன்பக்கம் உட்கார்த்திக் கூட்டிப்போனார். கூடவே அம்மாவின் மெல்லிய வெள்ளை வாயில் துணிச் சேலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

சேலை எதற்கென்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. தீட்டிய கத்தி கண்ணாடி மாதிரி. கொட்டகைக் கூரை, விளக்கு, படம் எடுக்கிறவர் மூக்கு எல்லாம் அதில் தெரியும். கத்தியைச் சுற்றி வெள்ளைச் சேலையைத் திரை மாதிரி பிடித்தால் வெளுப்பு மட்டும் அதில் விழும், கத்தி கத்தியாகவே தெரியும். சேலையின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை.

வேலை சுலபம்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. சிவப்புத் துணியின்மேல் வரிசையாகக் கத்திகள் கிடந்தன. நான் குனிந்தால் ஒரு கத்தியில் என் கண்ணும், அடுத்ததில் வாயும், அதற்கடுத்ததில் கழுத்தும் தெரிந்தன. என்னையே துண்டு போட்டு அடுக்கி வைத்ததுபோல இருந்தது. நான் கண்களைச் சேலையின்மேலேயே வைத்துக்கொண்டேன்.

அந்தக் கத்திகளில் பாதி ஒரு மலாய்க்காரக் கொல்லர் அடித்தவை. அவரைப் பாச்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடச் சொன்னார் அப்பா. அதிகம் பேசாத மனிதர். தினமும் சாயங்காலம் அவர் ஒரு வித்தை காட்டுவாராம். தன் மகனின் முன்கையில் ஒரு வெள்ளரிக்காயை வைத்து, பாராங் கத்தியை ஓங்கி ஒரே போடாகப் போடுவார். காய் இரண்டாகும், தோலில் கீறல்கூட விழாது. அன்று மகனுக்குக் காய்ச்சல் என்று அவர் தனியாக வந்திருந்தார்.

மத்தியானம் பொருட்காட்சியை நடத்திய துவான், அதாவது துரை, வந்தார். வெள்ளைக்காரர். சிரித்த முகம். அப்பா யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவர், இவரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். அப்பா பிறந்தது இந்தியாவில். புது நாட்டில் குடியுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். இவர் ஒழுங்கான ஆள் என்று ஒரு பெரிய மனிதர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றிருந்தார்கள். இந்தத் துவான் போடுவதாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

“வெறும் கத்தியை யார் பார்ப்பார்கள்? வெட்டுகிற மாதிரி ஒரு படம் வேண்டும்” என்று துவான் மலாயில் சொன்னார். கொல்லர் மகன் வரவில்லை என்றதும் துவானின் பார்வை சேலை முனையைப் பிடித்துக்கொண்டிருந்த என்மேல் விழுந்தது. “இது உன் மகள்தானே? இவள் நிற்கட்டும்.”

அப்பா காமிராவின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். பிறகு, “போலே, துவான்” என்றார். ஆகட்டும் என்று அர்த்தம்.

கொல்லர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “இது என் பிள்ளை இல்லை, துவான். என் பையனின் கை எனக்குப் பழக்கம்.”

“அப்பனே சம்மதித்துவிட்டான்” என்றார் துவான்.

அப்பா என்னிடம் குனிந்தார். “பாப்பா, கொஞ்ச நேரம் கையை அசைக்காம வச்சிருப்பியா?”

“வலிக்குமாப்பா?”

“வலிக்காது. பாச்சிக் கெட்டிக்காரரு.”

மேசைமேல் என் கையை நீட்டினேன். வெள்ளரிக்காய் சில்லென்று இருந்தது. கொல்லர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கத்தி மேலே போனதைப் பார்த்தேன், கீழே வந்ததைப் பார்க்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். காய் இரண்டாக உருண்டது. கூட்டம் கை தட்டியது.

ஆனால் வெளிச்சம் வரவில்லை. ஒரு படத்துக்கு ஒரு பல்பு; பளிச்சென்று எரியவேண்டிய அது அப்பாவின் காமிராவில் எரியவே இல்லை.

“மறுபடியும்” என்றார் துவான்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். முன்கையின் குறுக்கே நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் கடுகளவு ரத்தம் முளைத்தது. கொல்லரும் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அப்பா வந்து, வெள்ளரித் தண்ணீரைத் துடைப்பதுபோலத் தன் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். துவானுக்கு எதுவும் தெரியவில்லை.

முதல்தடவை என்ன நடக்கும் என்று தெரியாமல் நின்றேன். இப்போது தெரியும். அழுதால் அப்பாவுக்கு அவமானம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “அப்பா, வேணாம்ப்பா” என்று சொன்னதாக நினைத்தேன். சத்தம் வெளியே வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அப்பா புதுப் பல்பை எடுத்து, அதன் அடியை நாக்கில் நனைத்தார். அப்படி நனைத்துச் செருகினால்தான் நிச்சயமாக எரியும். முதல் பல்புக்கு அதை மறந்துவிட்டிருந்தார். செருகியவர் அதைக் கழற்றி, மறுபடியும் நனைத்துச் செருகினார். அவ்வளவு மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

புதுக் காயை வைத்தார்கள். கொல்லர் வாய்க்குள் ஏதோ ஓதினார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இந்தமுறை நடுங்கியது. அந்த நடுக்கம் என் தோள்வரை ஏறியது. கத்தி எழுந்தது. நான் கண்ணை இறுக்கி மூடினேன்.

மூடிய இமைக்குள்ளும் எல்லாம் வெள்ளையாயிற்று. பல்பு வெடித்த சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் கத்தி இன்னும் மேலேயே நின்றது. காய் முழுசாக என் கைமேல் இருந்தது.

“சுடா, துவான். முடிஞ்சுது, எடுத்தாச்சு. இதுதான் கடைசிப் பல்பு” என்றார் அப்பா.

“இன்னும் வெட்டவே இல்லையே” என்றார் துவான்.

“மன்னிக்கணும், துவான். கை தவறிடுச்சு.”

எனக்கு முகம் சுட்டது. அத்தனை பேர் முன்னால் அப்பா தப்புச் செய்துவிட்டார். கொல்லர் காயை வெடுக்கென்று எடுத்து மேசையில் வைத்து வெட்டி, ஒரு பாதியை என் கையில் திணித்து, “தின்னு, தின்னு” என்றார். துவானின் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தக் கையெழுத்துக்காக அப்பா பிறகு பலமுறை நடக்கவேண்டியிருந்தது. கடைசியில், துவான் தன் ஊருக்குக் கப்பல் ஏறும் முன்பு கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயில் எதிரே அப்பா சைக்கிளை நிறுத்தினார். உள்ளே போகவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். தப்புச் செய்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தி என் கைமேல் வந்தது என்றதும் அம்மா என் கையைப் பிடித்து விளக்கருகே இழுத்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

“புள்ளையக் குடுத்தா கையெழுத்து வாங்குவீங்க?”

அப்பா காமிராப் பையைக் கழற்றி மூலையில் வைத்தார்.

“கேளும்மா, ரெண்டாந்தடவ வெட்டவே இல்ல” என்றேன் நான். “கத்தி மேல இருக்கிறப்பவே அப்பா அமுக்கிட்டாரு. படம் கெட்டுப்போச்சு. துவான் கோவிச்சுக்கிட்டாரு.”

அம்மா என் கையை விட்டாள். “முன்னாடியே அமுக்கிட்டீங்களா?”

“கை தவறிடுச்சு” என்றார் அப்பா, செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது. அதைப் பொரித்து அப்பாவின் தட்டில் வைத்தாள்.

கத்திக்கு முன்னால் அசையாமல் நின்றவள் நான். வேலையைக் கெடுத்துவிட்டு வந்தவர் அப்பா. முட்டை ஏன் அவருக்குப் போயிற்று என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. வெறும் ரசத்தைப் பிசைந்தபடி, இந்த வீட்டில் நியாயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.