சுஐபுக்கு மானம் போன சாட்சி

மைக் செட்டு சுஐபுக்கு உண்மையான கோபம் வந்தது, கோர்ட் அவரை விடுதலை செய்த அன்றுதான்.

புதுமடத்தில் நிக்காஹ், கந்தூரி, கட்சிக்கூட்டம் எதுவானாலும் அவர் கடை ஒலிபெருக்கிக் குழாய்கள்தான் கத்தும். எஸ்.ஐ. வீட்டுச் சடங்குக்கும் இனாமாகக் கொடுத்தார். ஒரு குழாய் நசுங்கித் திரும்பி வந்தது. “குழாய்க்கு என்ன சொல்றீங்க?” என்று கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் எஸ்.ஐ.யிடம் கேட்டுவிட்டார். அடுத்த வாரம், அவர் கடையிலிருந்த பேட்டரிகள் எல்லாம் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த பேட்டரிகள் ஆகிவிட்டன. கையில் விலங்கு மாட்டி அதே கடைத்தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போனார்கள். அது தொண்ணூற்றிரண்டில்.

சில வருடம் இழுத்தடித்து, ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ விடுதலை செய்தார்கள்.

“பலன் எனக்கு, சரி. சந்தேகத்த எங்கன விட்டுட்டுப் போனாக? எங்க ஊர்லதானே?” என்று வக்கீல் மலையாண்டியிடம் கேட்டார் சுஐபு.

பொய் வழக்குப் போட்டதற்கும், விலங்கு மாட்டி அரசியல் சட்டம் கொடுத்த உரிமையை மிதித்ததற்கும் எஸ்.ஐ. மேல் ராமநாதபுரம் சப் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். நஷ்டஈட்டைப் பற்றி சுஐபுக்கு அக்கறையில்லை. எஸ்.ஐ. போட்டது பொய்க் கேஸ் என்று ஒரு ஜட்ஜ் எழுத வேண்டும். “எழுதட்டும், என் மைக்குலயே வாசிக்கிறேன்” என்று ஊரில் சொல்லிவைத்தார்.

“அதுக்கு உங்க மானம் போச்சுன்னு சாட்சி வேணும் பாய்” என்றார் மலையாண்டி.

டீக்கடை தவசிக்கு பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தார்கள். கூண்டில் ஏறியதும் அவர் கண்ணில் பட்டது சுஐபின் முகம்.

“விலங்கோட கூட்டிப்போனப்ப நீங்க என்ன செஞ்சீங்க?” என்றார் எஸ்.ஐ.யின் வக்கீல்.

“எந்திரிச்சு நின்னேன்யா. ஒரு சோடா ஒடச்சுக் குடுத்தேன்.”

“அப்ப இவர் மேல மதிப்புக் கொறையல?”

“கொறையிறதா? பாய் மொகத்துக்கு நேரா அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும்.”

அடுத்து பள்ளிவாசல் ஜமாஅத் மஹ்மூது. விலங்கு மாட்டிய மறுவருடமே சுஐபை ஜமாஅத் கமிட்டியில் சேர்த்துக்கொண்டதைச் சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் சுஐபைப் பார்த்துச் சிரித்தார். சுஐபு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மலையாண்டி தலையில் கைவைத்தார். “பாய், இவுக உங்க சாட்சியா, எஸ்.ஐ. சாட்சியா?”

“தங்கமான மனுசங்கய்யா.”

“அதான் கேஸு தோக்குது. உங்கள மதிக்காத ஆளு ஊர்ல ஒருத்தன்கூடவா இல்ல?”

ஒருவர் இருந்தார். சிமெண்டுக் கடை பாக்கர். சுஐபின் மகள் சுலைகாவைத் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்தவர், விலங்கு மாட்டிய மறுநாளே சம்பந்தத்தை முறித்தார். சுலைகாவுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சில்லை.

“அந்தாளு வாசல்ல போயி நிக்கிறதுக்குக் கேஸ தோத்துட்டு வாங்க” என்றாள் சுஐபின் மனைவி சித்தி ஜுனைதா.

சுஐபு போனார். பாக்கர் உட்காரச் சொல்லவில்லை.

“எனக்கு மானம் போச்சுன்னு கோர்ட்டுல வந்து சொல்லணும், மச்சான்.”

“இங்கன சும்மாவே சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். அங்கன வந்து சொல்ல எனக்குக் கசக்குதா?”

சலவைச் சட்டை போட்டு, அத்தர் பூசி வந்தார் பாக்கர். கேட்டதற்கும் பதில் சொன்னார், கேட்காததற்கும் சொன்னார். “கடத்தல்காரன் வீட்டுல பொண்ணெடுக்க முடியுமாங்க? அன்னைக்கே அத்து விட்டேன். இன்னைக்கும் மதிக்க மாட்டேன், எழுதிக்கங்க.” எஸ்.ஐ.யின் வக்கீல் எவ்வளவு குடைந்தும் ஆள் அசையவில்லை. சுஐபு பெஞ்சில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வழக்கில் மலையாண்டி முதல்முறையாகச் சிரித்தார்.

ஜெயித்தார்கள். தீர்ப்பு நகல் கையில் கிடைத்த சாயங்காலமே கடைத்தெருவில் இரண்டு குழாய்கள் கட்டினார் சுஐபு. ஒன்று, அந்த நசுங்கின குழாய். படித்துப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. தவசி எல்லோருக்கும் இனாமாக டீ கொடுத்தார்.

சுஐபு மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு வாசித்தார். எஸ்.ஐ. வேண்டுமென்றே போட்ட பொய் வழக்கு. கைதட்டினார்கள். விலங்கு மாட்டியது சட்ட விரோதம். விசிலே அடித்தார்கள். பக்கத்தைத் திருப்பினார்.

‘மேற்படி பாக்கர் என்பவரின் நம்பத்தகுந்த சாட்சியத்திலிருந்து, வாதி தன் ஊரில் மானம் மரியாதையை முற்றிலும் இழந்துவிட்டவர் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.’

அதை மனதுக்குள்தான் படித்தார். கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில், அதே சலவைச் சட்டையில், பாக்கர்.

“வாசி மச்சான். எம்பேரு வருமே.”

சுஐபு மைக்கை வாயருகே இழுத்தார்.

“கரண்டு போயிருச்சு” என்றார்.

கடற்கரை வரைக்கும் கேட்டது.