தேன் போட்ட ஒரு டம்ளர்

தேவராஜ் மாதிரி இன்னொரு ஆளை எங்கள் அண்ணனூரில் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். குடித்த காலத்தில் ரயில்வே கேட் ஓரம் செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று கிடந்தவன். விட்ட பிறகோ, கல்யாண வீட்டில் கொடுக்கும் ஜூஸைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத ஜென்மம். நானும் அவனும் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரிய பெரிய டேங்க் செய்கிற இடம். அவன் ஆர்கான் வெல்டர். அவன் வெல்டு வைத்த இடத்தைத் தேய்த்து பாலிஷ் போடுகிறவன் நான், டில்லிபாபு.

குடியை அவன் விட்டது கயிறு கட்டிக்கொண்டு. பூந்தமல்லிக்கு அந்தாண்டை, கம்பெனிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் கொஞ்சம் வயலில் ஒரு அம்மன் கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆனால் பெண்டாட்டிமார்கள் புருஷன்களை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, மணிக்கட்டில் கட்டி, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். கட்டிக்கொண்டு தொட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. கயிற்றை எடுத்தே ஆகவேண்டும் என்றால் அங்கேயே போய், மன்னிப்புக் கேட்டு, பூசாரி கையால்தான் அவிழ்க்க வேண்டும். தேவராஜ் தன் ஒரே பெண் சுவேதாவின் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தவன்.

அந்த சுவேதாவைப் பாடி ஏரியாவில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற கௌதமுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். தங்கமான பையன். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் நேராக ஒயின் ஷாப். சுவேதா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில், நீ விடாவிட்டால் நான் பையைத் தூக்கிக்கொண்டு எங்கம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள், அப்பன் குணம். கௌதம் பயந்துபோனான்.

"மாமாவே உட்டாரு, நான் உடமாட்டனா? கயிறு கட்டிக்கிறேன். ஆனா மாமா என் பக்கத்துல நிக்கணும்" என்றான். மாமனார் என்றால் அவனுக்கு அவ்வளவு மரியாதை. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்று முடிவானது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்தது வினை.

அன்றைக்கு ஒரு டேங்க் லாரி ஏறியது. பெங்களூரில் பீர் காய்ச்சுகிற ஒரு சின்ன கம்பெனிக்கு நாங்கள் செய்யும் இரண்டாவது டேங்க். அதை வாங்கிப்போக சௌம்யா என்ற பெண்ணே நேரில் வந்திருந்தாள். அவள்தான் அங்கே காய்ச்சுகிறவள். நன்றாகத் தமிழ் பேசினாள். லாரிக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, முதலாளி உள்ளே போனதும், ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்க்கை எடுத்தாள்.

"தேவராஜ் அண்ணா யாரு? போன டேங்க்ல உள்பக்கம் வெல்டு வெச்சது நீங்கதானாமே. அதுல மொதல்ல காய்ச்சினது இது. தேன் போட்ட ஏல். பீர் மாதிரிதான், ஆனா கொஞ்சம் ஸ்ட்ராங். நீங்கதான் மொதல்ல டேஸ்ட் பண்ணணும்" என்று ஒரு சில்வர் டம்ளரை நீட்டினாள்.

இருபது வருஷமாக டேங்க் செய்கிறான். பாலுக்கு, மருந்துக்கு, சாயத்துக்கு. உன் டேங்கில் வந்தது இது, குடித்துப் பார் என்று ஒருத்தரும் அவனிடம் சொன்னதில்லை. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டான். கயிறு கட்டியிருக்கிறேன் மேடம் என்று கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு டம்ளரை வாங்கியிருப்பாள். இவனோ "தேங்ஸ் மேடம்" என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டான். எனக்குச் சந்தேகம். பின்னாலேயே போனேன்.

போய்ப் பார்த்தால், அடப்பாவி, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பல்லால் கயிற்று முடிச்சைக் கடித்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறான்! அவிழ்த்த கயிற்றைக் கண்ணில் ஒற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டான்.

"இன்னாடா பண்ணிகினு கீற?" என்று கத்தினேன்.

"கத்தாத மாமே. ஒரே ஒரு டம்ளரு. கையில கயிறு இல்ல பாரு. அதுவும் இது தேனுடா. அம்மனுக்கே தேன்ல அபிஷேகம் பண்றாங்கோ இல்ல?"

"அம்மன் மேல ஊத்துறாங்கோ. உன் தொண்டையில ஊத்தல. சாயந்திரம் கோயிலுக்குப் போவணும், நெனப்பு கீதா?"

அவன் கேட்கவில்லை. முன்பெல்லாம் குவார்ட்டரை மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் மாதிரி ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வான். இதை அப்படிக் குடிக்கவில்லை. முதலில் மோந்து பார்த்தான். ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்துக்கொண்டான். "மொதல்ல தேன் வாசன வருது மாமே. அப்பறம் வேப்பம்பூ மாதிரி ஒரு கசப்பு. முழுங்குன பெறவு நெஞ்சுல சூடு ஏறுது" என்றான். இன்னொரு வாய். "இத்தினி வருசம் இன்னாத்தடா குடிச்சிகினு இருந்தேன் நானு?" என்று என்னையே கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

டம்ளர் காலியானதும்தான் உறைத்தது அவனுக்கு. காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரம் குந்திவிட்டான். "சுவேதா தலையில அடிச்சி சத்தியம் பண்ணேனே மாமே" என்றான். குழாயில் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். கேன்டீனில் லவங்கம் வாங்கி வாய் நிறைய அடக்கிக்கொண்டான். கயிற்றை என்னிடம் நீட்டி, கட்டு என்றான். நான் மாட்டேன் என்றேன். உன் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒரு கையாலும் பல்லாலும் அவனே கட்டிக்கொண்டான்.

சாயந்திரம் "தனியா போவ பயமா கீது, நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கோவிலில் அவன் பெண்டாட்டி தாயம்மா, சுவேதா, கௌதம் மூன்று பேரும் குளித்து முழுகி, எலுமிச்சம்பழ மாலையோடு தயாராக நின்றார்கள். பூசாரிக்கு தேவராஜைப் பார்த்ததும் சந்தோஷம். "நைனா, இதோ உன் மாமனாரப் பாத்துக்கோ. கட்டுன நாள்லேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. இவர மாதிரி நில்லு" என்று கௌதமிடம் சொன்னார். கௌதம் சட்டென்று தேவராஜின் காலில் விழுந்தான்.

தேவராஜ் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் சுவேதா கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள். அவளைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டான். பூசாரி கௌதம் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிவிட்டார்.

"சொன்னா, மாமாவே குடிச்சிட்டாரு எனக்கு இன்னான்னு பையன் வண்டிய எடுத்துகினு ஒயின் ஷாப்புக்குப் பூடுவான். எம்பொண்ணு வாய்க்கை இன்னா ஆவறது?" என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

அதற்கப்புறம் அவன் ஒரு சொட்டு தொடவில்லை. கௌதமும் தொடவில்லை. சுவேதா முகத்தில் களை வந்தது. தாயம்மா தெருவில் எல்லோரிடமும் புருஷன் பெருமையை அளந்தாள். தேவராஜ்தான் இளைத்துப்போனான். சுவேதாவுக்குச் சளி பிடித்தால் போதும், "என்னாலதான், நான் பண்ண பாவம்தான்" என்று புலம்புவான். கௌதம் போன் செய்து "எல்லாம் உங்களாலதான் மாமா" என்பான். போனை வைத்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விடுவான் இவன். கோவில் பக்கமே போவதில்லை. போய்ப் பூசாரியிடம் சொல்லித் தொலையேன், மனசாவது ஆறும் என்றேன். "மாப்ள காதுக்கு வெசயம் பூட்டா இன்னா பண்றது?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அலுத்துவிட்டது.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவேதா பையோடு வந்து நின்றாள். கௌதம் மறுபடி குடிக்கிறான். ஒரு மாதமாக ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறான், இப்போது ஒளிப்பதும் இல்லை. "இனிமே நான் அங்க போவமாட்டேன் நைனா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாயம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நீ போய்ப் பேசுய்யா. உன் பேச்சத்தான் அந்தப் புள்ள கேக்கும்" என்றாள்.

என் வண்டியில்தான் போனோம். பாடியில் அவர்கள் வாடகை வீட்டு மாடிப்படியில் கௌதம் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. மணிக்கட்டில் கயிறு இல்லை. மாமனாரைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"எங்கிட்ட வராதீங்க மாமா. நான் உங்க மூஞ்சில முயிக்கிற தகுதி இல்லாதவன்."

"இன்னா ஆச்சி மாப்ள? நல்லாத்தான இருந்த?"

"பிரண்டு ஊட்டு விசேசத்துல ஒரே ஒரு வாட்டி குடிச்சிட்டேன். காலையில எயிந்து கயிற பாத்தேன், அழுகையா வந்திச்சி. அவ்ளோதான், கயிறு செத்துப்போச்சு, இனிமே இருந்தா இன்னா போனா இன்னான்னு கயட்டிப் போட்டேன். உங்ககிட்ட எப்டி சொல்றது? நீங்க ஒரு சொட்டு தொடாத மனுசன். உங்கள மாதிரி என்னால இருக்க முடியல மாமா. அந்த நெனப்புலயே குடிச்சேன். தெனம் குடிச்சேன்."

தேவராஜ் படியில் உட்கார்ந்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் குடிச்சேன் மாப்ள" என்றான்.

கௌதம் முகத்திலிருந்து கையை எடுத்தான். "இன்னா மாமா சொல்றீங்க?"

"நீ கயிறு கட்டுன அன்னிக்கே. மத்தியானம் கம்பெனியில ஒரு டம்ளரு. தேன் போட்ட பீரு. நீ என் கால்ல வியுறப்ப என் வாயில லவங்கம். இவனக் கேளு."

கௌதம் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். தேவராஜும் அதற்குத் தயாராகத்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கு அப்பறம்?" என்று கேட்டான் கௌதம்.

"அப்பறம் தொடல."

"மறுநாளு?"

"மறுநாளும் தொடல. இன்னிக்கி வரைக்கும் தொடல."

கௌதம் ஒரு படி கீழே இறங்கி வந்து மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு வாட்டி தவறிட்டா, மறுநாளு திரும்ப வுட்டுடலாமா மாமா? அது எனக்குத் தெரியாதே" என்றான். அப்புறம் மாமனார் மணிக்கட்டிலிருந்த கயிற்றைப் பார்த்தான். "அன்னிக்கே என்னாண்ட சொல்லியிருக்கக் கூடாதா? சுவேதா பையத் தூக்கிகினு போயிருக்க மாட்டாளே."