கழுதை மட்டும் வந்த பாடம்

அக்காவை நினைத்தால் அவளுடைய ஆள்காட்டி விரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். தெலுங்குப் பாடப்புத்தகத்தில் வரிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். வாயிலிருந்து வருவதோ தமிழ். ஆந்திராவில், நகரிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அப்போது பாடம் படித்ததே அப்படித்தான். கண் தெலுங்கில், வாய் தமிழில். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அக்காவின் வாயைப் பார்த்தே எல்லாப் பாடத்தையும் முடித்துவிடுவேன். ஒரே ஒரு பாடத்தில் மட்டும் கடைசி வரிகளுக்கு முன்னால் அந்த விரல் சட்டென்று நிற்கும். பிறகு காகிதத்தை விட்டு எழும்பிவிடும். வாய் மட்டும் நிற்காது.

உப்பு வியாபாரி ஒருவனின் கதை அது. கழுதை மேல் மூட்டையேற்றிக்கொண்டு மலைக்கு அப்பால் போகிறான், மழை பிடித்துக்கொள்கிறது, மகள் வாசலிலேயே நிற்கிறாள். "கழுதை முன்னாடி வந்திச்சா, அதுக்குப் பின்னாடியே நைனாவும் தொப்பலா நனைஞ்சிக்கினு வந்துட்டாரு. வந்ததும் வராததுமா, சூடா ரசம் இருக்குதாம்மான்னு கேட்டாரு" என்று அக்கா முடிப்பாள். வகுப்பில் டீச்சர் கதையைச் சொல்லச் சொன்னபோது நானும் அந்த ரசத்தோடுதான் முடித்தேன். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் கழுதை மட்டும்தான் திரும்பி வருகிறது; அப்பன் வெள்ளத்தோடு போய்விடுகிறான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் மல்லுக்கு நின்றேன். "அவங்க அப்பிடி எழுதிக்கினாங்க. நம்ம வூட்ல வந்துட்டாருன்னு வெச்சிக்க, என்னா இப்ப?" என்றாள். அவளிடம் பேசி யாரால் ஜெயிக்க முடியும்!

அந்த அக்கா இப்போது இல்லை. காளஹஸ்தியில் வாழ்க்கைப்பட்டவள், ஞாயிறானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருச்சானூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தெருமுனையிலேயே ஹாரன் அடிப்பாள். என் மூத்த மகள் செருப்புகூடப் போடாமல் ஓடுவாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. காரியத்துக்குக் குழந்தைகளை நாங்கள் அழைத்துப் போகவில்லை. பிறகு ஒருநாள் அக்காவின் கணவர், மாமா, அந்த வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். "நீயே வெச்சிக்கோம்மா, என்னால பாக்க முடியல." வண்டிச் சத்தம் கேட்டு மூத்தவள் கேட் வரைக்கும் ஓடினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பெரிம்மா எங்க?" என்றாள். "வருவாங்க, பின்னாடி வராங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதைச் சொன்னது நானா அக்காவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மூத்தவள் பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள் என்று டீச்சர்கள் சலித்துப்போனார்கள். சரி, வீட்டிலேயே படிக்கட்டும் என்று சின்னவளையும் சேர்த்து நிறுத்திக்கொண்டோம். கணக்குக்கும் அறிவியலுக்கும் புத்தகம் சுலபமாக அமைந்துவிட்டது. இலக்கியத்துக்குத்தான் திண்டாட்டம். தமிழிலும் தெலுங்கிலும் கதைப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். யாராவது செத்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விடும். ராஜா செத்தாலும் சரி, கன்றுக்குட்டி செத்தாலும் சரி. கீழே மிஞ்சியவை தும்மும் யானைகளும் தோசை திருடும் எலிகளும்தான். லாட்ஜ் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எலி தோசை துன்ற கதையாப் பொறுக்கிக்கினு கீறியே, இத்த வெச்சிக்கினே பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஓட்டுவியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

போன மாதம் திருப்பதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தத் தெலுங்குப் பாடப்புத்தகமே கைக்குக் கிடைத்தது. அதே படம்: மழை, கழுதை, வாசலில் ஒரு பெண். வாங்கி வந்து அதையும் மேலேதான் போட்டேன். ஆனால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, சின்னவளை அதட்டும்போதுகூட என் குரலுக்குள்ளிருந்து அக்கா பேசினாள். உறை போட்டு மூடியிருந்த ஸ்கூட்டரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தவளே நாற்காலி போட்டு ஏறி அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "இதப் படிம்மா."

படித்தேன். கண் தெலுங்கில், வாய் தமிழில். மழை பிடித்தது, மகள் வாசலில் நின்றாள், கழுதை வந்தது. என் விரல் நின்றுவிட்டது. அக்காவின் விரல் நின்ற அதே இடம். ரசம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பின்னாடியே நைனாவும் வந்தாரு என்று சொல்லிவிட்டால் இன்றைய பொழுது தப்பித்துவிடும். மூத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலுக்கு அடியில் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியுமே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கழுதை மட்டும்தாம்மா வந்திச்சு. நான் முன்னாடியே படிச்சிட்டேன்" என்றாள்.

"ஆமாண்டி கண்ணு."

"பெரிம்மா வண்டியும் அப்பிடித்தானே?"

"ஆமாம்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. நின்றுபோயிருந்த என் விரலைப் பிடித்து அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"மீதியையும் படிம்மா" என்றாள்.