பெக்டினைக் கரைக்காத வால்

பேலியகொடை மீன் சந்தையின் கழிவுநீரிலிருந்து நாங்கள் பிடித்த பேஜுக்கு நீளமான வால். பேஜ் என்பது பற்றீரியாவைத் தொற்றிக் கொல்லும் வைரசு. எந்தப் பற்றீரியாவைப் பிடிப்பது என்பதை அது தலையால் அல்ல, வாலால் தீர்மானிக்கிறது. போரின் கடைசி ஆண்டுகள் அவை. நாடும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு வியப்பு எதுவும் இல்லை.

நாங்கள் என்றால் நானும், கொழும்பு ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த கொட்டாஞ்சேனைக்காரரும். பேஜின் மரபணுக்களை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வுகூடத்தில் வாசித்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: மாத முடிவுக்குள் வால் மரபணுக்களின் தொழில் என்னவென்று நாங்கள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதை அவருடைய ஆட்களே செய்வார்கள். எங்களுக்குக் கட்டுரையின் கடைசியில் நன்றி கிடைக்கும். நன்றி வாங்கி வாங்கி எனக்கு அலுத்திருந்தது. இந்தக் கட்டுரையில் எங்கள் பெயர் வரவேண்டும் என்று தீர்மானித்தேன்.

வால் மரபணுக்களை எழுத்து வரிசையை ஒப்பிட்டு அடையாளம் காண முடியாது. ஒரே வேலையைச் செய்பவைகூட வரிசையில் வேறுபட்டிருக்கும். அவை உண்டாக்கும் புரதங்களின் வடிவம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு புரதத்தின் வரிசையையும் வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து, வடிவத்தைக் கணிக்கும் வெளிநாட்டுக் கணினிக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். தெரிந்த வடிவங்களில் எதை ஒத்திருக்கிறது என்று, தனக்கு மனம் வந்தபோது அது பதில் அனுப்பும்.

வாலின் நுனிக்கு உரியதென்று நாங்கள் சந்தேகித்த மரபணுவுக்கும் பதில் வந்தது. கொட்டாஞ்சேனைக்காரர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, பழத்தோல் பெக்டினக் கரைக்கிற நொதியமாம்! மீன் சந்தையில என்ன, மாம்பழமா விக்கிறாங்க?"

"பேரை விடும். வடிவத்தைப் பாரும்."

பதிலோடு வந்த படத்தில், முக்கோண வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோன்ற வடிவம்.

"அப்ப பெக்டின் நொதியம்னே எழுதிருவோமே. யாரு சரிபார்க்கப் போறாங்க?"

"ஒருத்தரும் பாக்க மாட்டினம். அடுத்தவன் அதைப் பாத்து எழுதுவான், அவனைப் பாத்து இன்னொருத்தன் எழுதுவான். பிழைக்கு வயசு போகாது."

அன்று அந்தப் படத்தோடு வீடு திரும்பும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் அவர்கள் கேட்கும் வரிசையிலேயே அடுக்கி வைத்திருப்பேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதில் பொலிஸ்காரரின் விரல் நின்றது. பிறகு படம்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"வைரஸ் எகக வலிகய" என்றேன். வைரசு ஒன்றின் வால்.

என்னையும் வாலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஓர் ஒற்றுமையைக் கண்டதும் பெயர் சூட்டிவிடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அதே காரியத்தை ஒரு புரதத்துக்கு நான் செய்வதாயில்லை.

வடிவம் ஒரு சாடை மட்டுமே காட்டியது: இது ஏதோவொரு சீனிச் சங்கிலியை வெட்டக்கூடும். எங்கள் பேஜ் தொற்றும் பற்றீரியாவைச் சுற்றிச் சீனிச் சங்கிலிகளாலான வழுவழுப்பான உறை இருந்தது. வாலின் நீளத்தைத் தீர்மானிக்கும் மரபணுவுக்குச் சற்றுப் பின்னால்தான் இந்த மரபணுவும் இருந்தது, ஆகவே இதுவும் வாலுக்குரியதாக இருக்கலாம். சாடை போதாது, சாட்சி வேண்டும். மரபணுவை ஆய்வுகூடத்துச் சாதுவான பற்றீரியா ஒன்றில் ஏற்றி, புரதத்தைப் பிரித்தெடுத்து, எங்கள் பற்றீரியா படர்ந்த தட்டில் ஒரு துளி விட்டோம். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, அவித்துச் செயலிழக்கச் செய்த புரதத்தில் ஒரு துளி, வெறும் கரைசலில் ஒரு துளி.

"டைம் இல்லக்கா, ஒண்ணு போதாதா?"

"போதாது."

அடுத்த நாள் முதல் துளியின் இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம். பற்றீரியா உயிரோடுதான் இருந்தது, உறையைக் காணவில்லை.

'வால் முள், உறையைக் கரைப்பது' என்று எழுதினேன். நீளத்துக்குரியதையும் இன்னும் சிலவற்றையும் பெயரிட்டேன். சான்று போதாதவற்றுக்கு 'தொழில் தெரியாது'. இத்தனை 'தெரியாது' கட்டுரைக்கு அழகில்லை என்று பேராசிரியர் எழுதினார். தட்டின் படத்தை அனுப்பி, அழகைப் பற்றி எனக்கும் தெரியாது என்று பதில் போட்டேன்.

கட்டுரையின் வரைவு வந்தபோது கொட்டாஞ்சேனைக்காரர் கத்தினார்: "அக்கா, ஆசிரியர் பட்டியல்ல நம்ம ரெண்டு பேரும் முன்னுக்கே இருக்கோம்!"

"ஓம், கண்டனான். அந்தத் தட்டுகளை அவிச்சுப்போட்டுக் கழுவும். தெரியாததுகள் இன்னும் கிடக்கு."